பச்சை எரிந்தால் ஏலம் ஏறும்

செப். 9, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் இடி மட்டும். மழை அம்பத்தூரிலேயே இறங்கிக்கொண்டது. ஆவடி வரை டிக்கெட் எடுக்கவில்லை போல.

வேலை: கேஸ் புக் செய்ய. இட்லி அரிசி. கதவு சென்சாரை மறுபடி ஒட்ட. (வெயிலில் பசை இளகிக் கீழே விழுகிறது. விழுந்ததும் 'கதவு திறந்திருக்கிறது' என்று என் போனுக்குச் சேதி. பள்ளிக்கூட ஆபீஸில் ஃபீஸ் ரசீது போட்டுக்கொண்டே, வீட்டில் திருடன் என்று நான் வியர்க்க வேண்டும். நிஜத் திருடன்கூட இத்தனை தடவை வரமாட்டான்.)

மூன்றரைக்கு ஹால் பல்பு தானே எரிந்தது. ஆறு மணிக்கு எரியச் சொல்லி வைத்தது. காலையில் கரண்ட் போய் வந்ததா, அவ்வளவுதான், பல்பு பிறந்த ஊர் நேரத்துக்குத் திரும்பிவிட்டது. பெங்களூரிலிருந்து மகள் ஷீபா போனில்: "அம்மா, அது சைனா டைம்ல ஓடுது. ஆப்ல போய் மாத்து." எத்தனை தடவை மாற்ற? இங்கே கரண்ட் போகாத நாள் எது? பல்பு, சென்சார், பேசும் டப்பா என்று தள்ளுபடியில் மூட்டையாக வாங்கி அனுப்பியவள் அவள். சீன நேரத்தில் குடித்தனம் நடத்துவது நான்.

கீழ்வீட்டு செல்வி (மாவு வியாபாரம், இலவச விசாரணை) படியில் நின்றபடி:

"இன்னாக்கா, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டுகினு கீறீங்க?"

"சைனாவுல இருட்டிடுச்சு செல்வி."

"அங்க யாருக்கா கீறாங்க உங்களுக்கு?"

தா. (என் வீட்டுக்காரர் தாஸ், முழுப்பேர் எழுதச் சோம்பல்) இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கேட்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் பாதிக் காதை எடுத்துக்கொண்டது, மீதியைப் பிப்ரவரிக் காய்ச்சல். காதுமெஷின் வைத்தால் பேச்சு கேட்கவில்லை, இரைச்சல்தான். மெஷின் டிராயரில் தூங்குகிறது.

காது போனது பெரிதில்லை என்று சொல்லமாட்டேன். அதைவிடப் பெரிது, வாயும் சேர்ந்து போனதுதான். திருநின்றவூரில் என் தம்பியின் புதுவீடு பிரதிஷ்டை. பந்தியில் என் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, "லில்லி, பிரியாணியில உப்பே இல்ல," என்றார். சமையல்காரன் வரை திரும்பிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும். அன்றோடு மனிதர் பேச்சை நிறுத்தினார். தன் சத்தம் எவ்வளவு என்று தனக்கே தெரியாதவன் எதற்குப் பேச வேண்டும் என்று நினைத்திருப்பார். இப்போதெல்லாம் கை ஜாடை, தலையாட்டல்.

இத்தனை வருஷம் நான் ஊர்வம்பு சொல்ல, அவர் காய் நறுக்கிக்கொண்டே "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லில்தான் என் குடும்ப வாழ்க்கை ஓடியது. இப்போது வம்பையெல்லாம் எழுதி அழிக்கிற சிலேட்டில் எழுதி நீட்டுகிறேன். பார்ப்பார், பட்டனை அமுக்கி அழிப்பார், சிலேட்டைத் திருப்பிக் கொடுப்பார். வங்கி கவுண்டரில் பாஸ்புக் கொடுப்பதுபோல்.

செப். 11, வியாழன்

வெயில். மாவு புளித்துவிட்டது.

வாசல் மணி அடித்தால் ஹால் பல்பும் சமையலறைப் பல்பும் சிவப்பில் மின்னும். ஷீபாவின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரண்ட் போய் வந்தாலும் எல்லாப் பல்பும் ஒரேயடியாகப் பளிச்சென்று எரியும். தா. உடனே போய்க் கதவைத் திறப்பார், காலிப் படிக்கட்டைப் பார்த்து நிற்பார். போன வாரம் அப்படித் திறந்தபோது செல்வி மாவுப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். "நான் மணியே அடிக்கல, எப்டிண்ணா தெரிஞ்சுது?" அன்று முதல் அவருக்கு ஏதோ சக்தி இருப்பதாகத் தெருவில் பேச்சு. நான் மறுக்கவில்லை.

இன்று சிவப்பு, நிஜமாகவே ஆள். போதகர் ஐயா. தா. கதவைத் திறந்து கும்பிட்டு, நாற்காலி காட்டி, காபி போட உள்ளே போய்விட்டார். முன்பென்றால் அரை மணி அரட்டை.

ஐயா குரலைத் தாழ்த்தினார். (எதற்கு? பக்கத்தில் நின்று கத்தினாலும் தா.வுக்குக் கேட்காது.) "அம்மா, 21ஆம் தேதி அறுப்பின் பண்டிகை. ஏலம் இந்த வருஷம் எட்வின் சார் போடட்டும்னு கமிட்டியில பேசுறாங்க. தாஸ் ஐயா மனசு கஷ்டப்படக்கூடாது, அதான் நேர்ல வந்தேன்."

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் (சனம் காணிக்கையாகக் கொடுக்கும் காய், பழம், கோழியை விற்று சபைக்குச் சேர்ப்பது) என்றால் தா.தான். ஷீபா பிறப்பதற்கு முன்பிருந்தே. வாழைத்தாரைத் தோளில் தூக்கி, "ஒரு தரம்!" என்றால் பின்வரிசைத் தூக்கம் போகும். பூசணிக்காயை ஏலம் போட்டுக் கல்யாணச் செலவு அளவுக்கு ஏற்றிவிடுவார். எட்வின் சார் பொருளாளர்; நல்ல மனிதர்; ஏலம் போட்டால் மின்வாரிய அறிவிப்பு மாதிரி இருக்கும்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "அவரே போடுவார் ஐயா."

"கேக்கிறவங்க குரல் அவருக்கு..."

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணிட்டோம்."

என்ன ஏற்பாடு? எனக்கே தெரியாது. தா. காபியோடு வந்தார். ஐயா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தா. எதற்கென்று புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

சொல்லவில்லை. சிலேட்டில் எழுதி மூன்று தடவை அழித்தேன்.

செப். 12, வெள்ளி

ஹால் தரையில் சாக்பீஸ் கோடுகள். சோபா அருகே ஒன்று, டிவி அருகே ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று. எலி மருந்தா, எறும்பு மருந்தா? துடைத்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் மறுபடி கோடுகள். அதே இடங்களில்.

செல்வி: "அக்கா, தப்பா நெனச்சிக்காத. நீ ஆபீஸ் போனதும் அண்ணன் தனியா பேசிகினுகீறாரு. கொஞ்ச நேரம் கத்துறாரு, கொஞ்ச நேரம் குசுகுசுன்னு. உள்ள யார்னா கீறாங்களா?"

"யாரு இருப்பாங்க?"

"அதான் நானும் கேக்குறேன்."

வேறு பெண் என்றில்லை (அவர் முகத்துக்கு அந்தக் கவலை எனக்கு எப்போதும் இருந்ததில்லை). மனது ஏதாவது...? ஷீபாவுக்குப் போன் செய்ய எடுத்து, வைத்துவிட்டேன்.

செப். 13, சனி

கண்டுபிடித்துவிட்டேன். பிடித்தபின் சமையலறையில் போய் வெங்காயம் நறுக்கினேன். அழுவதற்குச் சாக்கு வேண்டுமே.

மார்க்கெட் போகிறேன் என்று கிளம்பி, பை மறந்து பாதியில் திரும்பினேன். (நிஜமாகவே மறந்தேன். உளவு பார்க்கிற அளவு கெட்டிக்காரி இல்லை.) தா. ஹாலில். பேசும் டப்பாவை (வாயால் சொன்னால் பல்பைப் போடும், அணைக்கும்) ஸ்டூலில் வைத்திருக்கிறார். சமையலறை வாசல் கோட்டில் நின்று, டப்பாவை அதன் இங்கிலீஷ் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "லைட் ஆன்!" பல்பு எரிந்தது. கொஞ்சம் மெதுவாக, "லைட் ஆஃப்." அணையவில்லை. கொஞ்சம் கூட்டி, "லைட் ஆஃப்." அணைந்தது. ஒரு கோடு முன்னால் வந்தார். மறுபடி மெதுவாக.

புரிந்தது. டப்பாவுக்கு எட்டினால் பல்பு எரியும். எட்டாவிட்டால் எரியாது. தன் சத்தம் எவ்வளவு என்று பல்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். தூரக் கோட்டில் நின்று எரிந்தால் அது பந்தியில் உளறிய சத்தம். ஸ்டூல் பக்கத்துக் கோட்டில் எரிகிற சத்தம், மனிதர்கள் பேசுகிற சத்தம். பிரஸ் ஷாப்பில் மெஷினுக்கு அளவு வைத்தவர், இப்போது தொண்டைக்கு வைக்கிறார்.

அந்த டப்பா நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. "புரியவில்லை, மன்னிக்கவும்," என்று இங்கிலீஷில், மேனேஜர் குரலில். எங்கள் இரண்டு பேரில் அது அவரைத்தான் மதிக்கிறது. எத்தனை நாள் திட்டியிருப்பேன். மன்னித்துக்கொள், டப்பா.

என்னைப் பார்த்துவிட்டார். கோட்டைக் காலால் மறைத்தார். போனை எடுத்து நீட்டினார். சபை குரூப்பில் போதகர் ஐயாவின் சேதி, வியாழக்கிழமையே வந்தது: இந்த ஆண்டும் ஏலம் நம் தாஸ் ஐயா. கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக.

நான் ஒளித்த ரகசியம் ஊர் பூராவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. குரூப்பை ஊமையாக்கி வைத்தது நான்தான்.

தா. என்னைப் பார்த்துச் சொன்னார். பல நாள் கழித்து, வாயால். டப்பா பக்கத்துக் கோட்டின் சத்தத்தில்:

"வாயை வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா, லில்லி?"

இதைவிட இனிப்பாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

செப். 15, திங்கள்

நல்ல மழை. பல்பு சீன நேரத்தில். விட்டுவிட்டேன், எரியட்டும்.

பிரச்சினை: சத்தம் சரியாகிவிட்டது. ஏலம் கேட்கிறவர்கள் குரல்? சிலேட்டில் நான்: 'கை தூக்கச் சொல்லலாம்.' தா. தலையாட்டினார், இல்லை என்று. சரிதான். எங்கள் சனம் கை தூக்காது. தூக்கினால் வசதிக்காரர் என்று பேர் வந்துவிடும். தூணுக்குப் பின்னால் நின்று, குனிந்துகொண்டு, அடுத்தவர் பேரில் கத்துவார்கள்: "வில்சன் அண்ணன் ஆயிரம்!" வில்சன் அண்ணன் அந்த நேரம் சாம்பார் வாளியோடு நிற்பார்.

தா. யோசித்தார். இரண்டு பல்பைக் கழற்றினார். மரச்சட்டம், ஹோல்டர், எக்ஸ்டென்ஷன் பெட்டி. மேஜையில் அவர் கண்ணுக்கு நேரே பல்புச் சட்டம். நான் பின்னால் போனோடு. இடப்பக்கம் யாராவது ஏற்றிக் கேட்டால் இடது பல்பைப் பச்சையாக்குவேன். வலப்பக்கம் என்றால் வலது. ஒவ்வொரு பச்சைக்கும் ஐம்பது ரூபாய் ஏறும், முன்னாலேயே அறிவித்துவிடுவது. பச்சையே வராவிட்டால் மூணு தரம், முடிந்தது.

செப். 17, புதன்

ஒத்திகை. பொருள்: பிரஷர் குக்கர். ஏலம் கேட்பவர்: நான், இரண்டு பக்கமும். தா.: "ஒரு தரம். ரெண்டு தரம்." நான் போனில் தட்டினேன். பல்பு எரியவில்லை. "மூணு தரம்!" குக்கர் விற்றாயிற்று. பிறகு பச்சை எரிந்தது. சாவகாசமாக, கல்யாணத்துக்குப் பந்தி முடிந்து வருகிற சம்பந்தி மாதிரி.

ஷீபா: "அம்மா, நீ தட்டினா அது வெளிநாட்டு சர்வருக்குப் போய்ட்டுத் திரும்பி வரணும். விலைக்குத் தகுந்த பல்பு அவ்ளோதான்."

ரெண்டாம் தரத்துக்கும் மூணாம் தரத்துக்கும் நடுவே காத்திருக்க வேண்டும். தா. காத்திருந்தார். மைக் முன்னால் வாயைத் திறக்காமல் நிற்கும் ஏலக்காரர். பார்க்கச் சகிக்கவில்லை. நினைவஞ்சலி மாதிரி இருந்தது.

சிலேட்டில்: 'நடுவில் ஏதாவது பேசுங்க.'

அவர்: "என்ன பேசறது?"

ஆமாம். பிப்ரவரியிலிருந்து காதில் எதுவுமே விழாதவருக்கு என்ன பேச்சு இருக்கும்?

செப். 20, சனி

செல்வி சேவலைக் கொண்டுவந்தாள். "ஏலத்துல போடுக்கா. எந்த சாமியா இருந்தா இன்னா. விடியக்காலம் கூவிக்கினே கீது, குடித்தனக்காரங்க சண்டைக்கு வராங்க." பக்தி முற்றிவிட்டது.

மார்க்கெட்டில்: ரெஜினா (எட்வின் சார் மனைவி, வருஷா வருஷம் 'கைப்படச் செய்த கேக்' கொடுப்பவர்) பேக்கரியிலேயே நின்று கேக்கை டப்பா மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்தேன். திரும்பும் வழியில், சர்ச் வாசலில் எட்வின் சார் 'கொல்லையில் காய்த்த பூசணி' என்று கொண்டுவந்து இறக்கியதும் பார்த்தேன். அவர் கொல்லை சிமெண்ட் போட்டுக் கார் நிற்கிறது.

சிலேட்டில் எல்லாம் எழுதினேன். பார்த்தார். அழித்தார். திருப்பிக் கொடுத்தார்.

நாளைக்கு அவர் மேடையில் வாயடைத்து நின்றால், எட்வின் சார் வந்து மெதுவாக மைக்கை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு தா. அந்தக் கோட்டில்கூட நிற்கமாட்டார். எனக்குத் தெரியும். இழுத்துவிட்டது நான்.

ஜெபம் செய்தேன். பல்புக்காகவும்.

செப். 21, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், சூடு ஆறுவதற்குள்.

ஆராதனை முடிந்து ஷாமியானாவில் ஏலம். பல்புகள் என் போனின் ஹாட்ஸ்பாட்டில். முதலில் வாழைத்தார். தா. குரல் மைக்கில் சரியாக இருந்தது. சபை நிமிர்ந்தது. பச்சை, பச்சை. தேங்காய் மூட்டை, பச்சை. காத்திருப்பு இருந்தது, ஆனால் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் சமாளித்தார்.

அடுத்தது சேவல். "ஒரு தரம். ரெண்டு தரம்."

கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் போட்டார்கள். மைக் வந்தது. இரண்டு பல்பும் பளிச்சென்று வெள்ளையில் எரிந்தன. இரு பக்கமும் யாரும் வாயே திறக்கவில்லை. தா. பல்பைப் பார்த்தார். மைக்கில்: "இது கரண்டு கேட்ட ஏலம். கணக்குல சேராது."

லேசான சிரிப்பு. நான் தட்டுகிறேன், தட்டுகிறேன். பல்புகள் ஹாட்ஸ்பாட்டைத் தேடி மின்னிக்கொண்டே இருக்கின்றன. இடப்பக்கம் நாலு பேர் கத்துகிறார்கள். தா.வுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேவலைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். எட்வின் சார் எழுந்துவிட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையை நோக்கி நடக்கிறார். நான் தட்டிய அவசரத்தில் போன் கீழே விழுந்தது.

சேவல் கூவியது. எல்லோரும் சேவலைப் பார்த்தார்கள். தா. அவர்கள் பார்ப்பதைப் பார்த்தார். சேவலின் திறந்த வாயைப் பார்த்தார்.

"எங்க கீழ்வீட்டுல கொடுத்த சேவல்," என்றார். "விடியக்காலம் கூவித் தெருவே தூங்க முடியலயாம். எனக்கு அந்தப் பிரச்சினை இல்ல."

சபை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கண்ணடித்தார். சிரிப்பில் ஷாமியானா கூரை பறந்தது. அவருக்குச் சத்தம் கேட்காது. ஆனால் ஆடுகிற தோள்கள் தெரியும், பல் தெரியும். எட்வின் சார் பாதி வழியில் நின்றார்.

பல்பு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. நல்லவேளை. ஏனென்றால் அவர் நிறுத்தவில்லை.

"பல்பு வர்ற வரைக்கும் அடுத்த பொருளைப் பாத்துடலாம். பூசணி. எட்வின் சார் கொல்லையில காய்ச்சது. அவர் கொல்லையில சிமெண்டு தரை. சிமெண்டுல பூசணி காய்க்க வெச்ச ஒரே விசுவாசி நம்ம எட்வின் சார்தான்."

கீழே கிடந்த போனை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இது என் சிலேட்டு!

"கேக்கு ரெஜினா அம்மா கைப்படச் செஞ்சது. டப்பா மாத்துறதும் கைவேலைதானே?"

எல்லாம் வந்தது. பிப்ரவரியிலிருந்து நான் எழுதி நீட்டியதெல்லாம், தேதி வாரியாக. பாடகர் குழுவில் யார் வாயை மட்டும் அசைக்கிறார், யார் தலைச்சாயம் மழையில் இறங்கியது. ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார் மனிதர். அழித்தது சிலேட்டை மட்டும்தான். ஒவ்வொரு சிரிப்புக்கும் பின்னால் சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. இதெல்லாம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை.

பச்சை எரிந்தது. சேவல் ஏறியது. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு வம்பு. சனம், பல்பு மெதுவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டதாகக் கேள்வி. எட்வின் சார் தன் பூசணியைத் தானே ஏலம் எடுத்து, "கொல்லைக்கே திரும்பிப் போகுது," என்றார். அவருக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. ரெஜினா என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே சாப்பாட்டுத் தட்டில் எனக்கு எலும்பாக வைத்தார்.

போதகர் ஐயா: "ஏற்பாடு பண்ணிட்டோம்னு சொன்னீங்க, இவ்வளவு பெரிய ஏற்பாடுன்னு நினைக்கலம்மா."

செப். 22, திங்கள்

வெயில். உடம்பு வலி. ஆபீஸுக்கு லீவு, அவமானம் ஆற ஒரு நாள் வேண்டும்.

பல்புகளை மறுபடி ஹாலில் மாட்டினார். கதவு சென்சார் விழுந்துவிட்டது. மூன்றரைக்கு, சீனாவில் மாலையானதும், ஹால் பளிச்சென்று எரிந்தது. ஷீபாவிடம் சொன்னேன், நல்லதாகப் புதுப் பல்பு எதுவும் வாங்கி அனுப்பாதே என்று. இதுவே போதும். இந்தத் தாமதமே போதும். தள்ளுபடிக்குத் தோத்திரம்.

ரெஜினாவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல லில்லி," என்றார், பனிக்கட்டியாக. பிறகு தாளமாட்டாமல், "ஆமா, அந்தத் தலைச்சாயம் யாரு? நம்ம..." ஒரு மணி நேரம் பேசினோம்.

இனி வம்பு பேசுவதில்லை என்று காலையில்தான் தீர்மானம் எடுத்திருந்தேன். மாலையில் தா. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சிலேட்டை எடுத்து, ரெஜினா சொன்னதில் பாதியை மட்டும், சின்ன எழுத்தில் எழுதி, அவர் பக்கம் தள்ளினேன். படித்தார். பட்டனை அமுக்கவில்லை. கத்தியை வைத்தார். செல்விக்குக் கேட்காமல், டப்பாவுக்குக்கூட எட்டாமல், எனக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில்:

"அப்புறம்?"